பூத்து முடிந்த காம்பை வெட்டாதீங்க: கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு ஹோயா

மல்லிக்கு என்னென்ன செய்வோமோ அதை எல்லாம் ஹோயா என்கிற, தொட்டியில் தொங்கவிடும் பூங்கொடிக்குச் செய்தால் அது பூக்காது. கொஞ்சம் ஆசையாகச் செய்தால் செத்தே போகும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சமாகியிருக்கும், இரண்டு மூன்று வருஷ எரிச்சலும் மிச்சமாகியிருக்கும். எங்கள் பக்கம் பூ என்றால் மல்லி, ரோஜா, சாமந்தி. காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருத்தராவது இல்லாத வீடு குறைவு. ஓசூரில் ரோஜா பசுமைக்குடில்கள். அதனால் என் பால்கனிக்கு வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அத்தனையும் மல்லிக்கும் ரோஜாவுக்கும் சரியான யோசனை.

ஓசூர் போகிற வழியில் ஒரு நர்சரியில்தான் முதலில் பார்த்தேன். தொங்குதொட்டியிலிருந்து கொடி இரண்டடிக்கு இறங்கியிருந்தது, தடித்த பச்சை இலை, நடுவில் வெளிர் ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் ஒரே பந்தாகச் சேர்ந்த பூங்கொத்து. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நடுவில் சிவப்புப் பொட்டு. தொட்டுப் பார்த்தால் பூ மாதிரியே இல்லை, மெழுகில் அச்சு வார்த்த மாதிரி வழவழப்பு. நர்சரிக்காரர் 650 ரூபாய் சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்தேன். "ஈஸியான செடிக்கா. தினம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க, வெயில் படாம ஹால்ல மாட்டுங்க, அது பாட்டுக்குப் பூக்கும்" என்றார். இரண்டுமே தப்பு. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர் கடையில் ஒரு வாரம் இருந்து விற்றுப்போகிற செடி அது. அங்கே அது சாக நேரம் கிடைப்பதில்லை.

முதலில் இலை சுருங்கியது. வழவழப்பான இலையில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கம், விரலால் மடித்தால் தோல் போல் மடங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் "தண்ணி பத்தல" என்றார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. இதுதான் ஹோயாவில் இருக்கிற பெரிய பொறி. தாகத்திலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் இலை சுருங்கும், ஏனென்றால் இரண்டிலுமே இலைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. வித்தியாசத்தை இலையில் தேடக் கூடாது, தொட்டியில் தேட வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். இலை சுருங்கியிருந்து மண்ணும் காய்ந்திருந்தால் தாகம், தாராளமாக ஊற்றலாம். இலை சுருங்கியிருந்து மண் ஈரமாக இருந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது, இனி ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, உடனே தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு டம்ளர் ஊற்றியிருந்தோம்.

கவிழ்த்தபோது சாக்கடை வாடை. செம்மண்ணும் சாணியுமாக இறுக்கி வைத்திருந்தார்கள், அதற்கு நடுவில் வேரைச் சுற்றி ஒரு சின்ன வலைப்பை. நாற்றுப் பருவத்தில் போட்ட வலை அது, பிரிக்காமல் அப்படியே பெரிய தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். வலைக்குள் இருந்த தேங்காய் நார்த்தூள் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செடிக்காக அழுவதா என்று கேட்டார் வீட்டுக்காரர். 650 ரூபாய்க்காக என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் புதுச் செடி வாங்கினால், பூ இல்லாத சமயமாக இருந்தால், வந்த ஒன்றிரண்டு வாரத்தில் வெளியே எடுத்து உள்ளே வலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தரியால் மெதுவாகக் கிழித்து எடுத்துவிடுங்கள். மொட்டு இருக்கிற செடி என்றால் பூத்து முடியும்வரை காத்திருங்கள்.

ஹோயா மண்ணில் வளரப் பிறந்த செடியே இல்லை. பெரும்பாலான ஹோயாக்கள் காட்டில் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு வளர்பவை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஹோயா வைட்டி என்று ஓர் இனம் அப்படி இருக்கிறது. மழை பெய்தால் நனையும், அரை நாளில் காய்ந்துவிடும், வேருக்கு எப்போதும் காற்று கிடைக்கும். தொட்டியிலும் அதே நிலைமை வேண்டும். நான் இப்போது போடுவது தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தருகிற, எடையில்லாத வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தோட்ட மண் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. கரிக்கு எங்கும் அலைய வேண்டாம், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால் உடைந்து சின்னதாகிப்போன கரித் துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார். மட்டைத் துண்டை மட்டும் வாங்கியதும் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, தண்ணீர் ஓரளவு தெளியும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். தொட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ரோஜாவுக்கு ஆசைப்பட்டுப் பெரிய தொட்டி வைப்போமே, அதை இங்கே செய்தால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி மறுபடி அழுகும். வேர் தொட்டியை நிறைத்து நெருக்கிக்கொண்டு இருக்கும்போதுதான் ஹோயா நன்றாகப் பூக்கிறது. என்னுடையது ஐந்து அங்குலத் தொட்டியில்தான் இருக்கிறது, கொடி கதவு உயரத்துக்கு வந்துவிட்டது.

அழுகிய வேரை எல்லாம் வெட்டியபின் முழுச் செடியாக மிஞ்சவில்லை, பச்சையாக இருந்த கொடித் துண்டுகள்தான் மிஞ்சின. இரண்டு கணு இருக்கிற மாதிரி வெட்டி, வெட்டிய இடத்தில் வடிகிற பாலைத் துடைத்து நிழலில் காயவிட்டு, ஒரு கணு தண்ணீரில் முங்குகிற மாதிரி கண்ணாடி டம்ளரில் வைத்தேன். எருக்கு, அரளி குடும்பத்துச் செடி இது, அதனால் பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் கணுவிலிருந்து வரும். வர சில வாரம் ஆகும், அதுவரை தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் யாரும் கேட்கமாட்டீர்கள்.

அடுத்து தண்ணீர். எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது எங்கள் மாவட்டத்தில் பெரிய கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் லட்சணம் எல்லாருக்கும் தெரியும், ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஹோயாவுக்கு நான் கண்ட தொந்தரவு போர் தண்ணீரின் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், இலை நுனி கருகும். இதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வருகிற தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிற நம் நல்ல பழக்கம். நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்ச உப்பை எல்லாம் சுமந்துகொண்டு வருகிற தண்ணீர் அது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தொங்குதொட்டிக்கு வேண்டாம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதுதான் முதல் தரம். எங்களுக்கு புரட்டாசி, ஐப்பசியில்தான் நல்ல மழை, அப்போது இரண்டு டிரம் நிரப்பி மூடி வைக்கிறேன். அது தீர்ந்தால் காவிரிக் குழாய்த் தண்ணீர். போர் தண்ணீரைத் தவிர வழியே இல்லை என்றால் மாதம் ஒரு தடவை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அடித் துளையில் தண்ணீர் நன்றாக ஓடுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். மேல் பாதி காய்ந்து, அடியில் இருக்கும் பழைய இலையை லேசாக மடித்தால் விறைப்பு குறைந்து வளைகிறதா, அன்றைக்கு ஊற்றுங்கள். மே மாதத்தில் எனக்கு அது நாலைந்து நாளுக்கு ஒரு தடவை வருகிறது, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் இழுக்கும்.

ஹாலில் மாட்டச் சொன்னது இரண்டாவது தப்பு. ஹாலில் ஹோயா சாகாது, அதனால்தான் ஏமாறுகிறோம். பச்சையாக, பளபளப்பாக, ஒரு பூ இல்லாமல் வருஷக்கணக்கில் தொங்கும். வெளிச்சம் இல்லாமல் பூ இல்லை. டியூப் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடமாக இருந்தால் மட்டும் போதாது, செடியின் மேல் கையை நீட்டினால் தெளிவான நிழல் விழ வேண்டும். அதற்காக மேற்குப் பக்கம் கொண்டுபோனேன், அங்கே வேறு கதை. எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு நேரே பாறைக் குன்று, சித்திரை, வைகாசியில் 38, 39 டிகிரி அடிக்கிற வெயிலில் சூடேறிய பாறை இருட்டின பிறகும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். இலை மஞ்சளடித்து, ஓரத்தில் செம்பழுப்பாகி, கருகியது. கடைசியில் கிழக்கு பால்கனிதான் ஒத்துவந்தது. காலை வெயில் இரண்டு மணி நேரம் நேராக, அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் மட்டும். ஓசூரில் இருக்கும் தோழிக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை, அது ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரி குளிர்ச்சி கிடைக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி டவுன்களில் இருப்பவர்கள் கோடை இரண்டு மாதம் மட்டும் பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சரிசெய்தபின் கொடியிலிருந்து இலையே இல்லாத நீளநீளமான வால் கிளம்பியது. எனக்கே வினோதமாக இருந்தது. மொட்டைக் குச்சியாக இரண்டடி போய்க் காற்றில் ஆடும். "சத்தில்லாத கிளை, கிள்ளிப்போடு" என்றார்கள். கிள்ளாதீர்கள். ஹோயா முதலில் கொடியை நீட்டிப் பிடிமானம் தேடும், அப்புறம்தான் அதில் இலை விடும். அந்த இலைக்கணுவில்தான் பூக்காம்பு வரும். வாலைப் பிடித்து மெதுவாகத் தொட்டியைச் சுற்றி ஒரு கம்பி வளையத்தில் சுற்றிவிட்டால் போதும்.

பூக்காம்பு. இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. இலைக்கணுவிலிருந்து ஒரு சின்னக் குச்சி நீளும். அதன் நுனியில் கூர்ந்து பார்த்தால் கடுகைவிடச் சின்னப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், அதுதான் மொட்டு. எனக்கு முதல் தடவை அப்படி ஒரு குச்சி வந்து, மொட்டு பெரிதாகி, பூத்தது. வீடே மணந்தது, ராத்திரியில்தான் வாசம் அதிகம். பத்து நாளுக்கு மேல் இருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது, குச்சி மட்டும் மொட்டையாக நின்றது. பொங்கலுக்கு மாமியார் வந்தார். காலையில் நான் எழுந்து வருவதற்குள் பால்கனியைக் கூட்டி, செடிகளுக்கெல்லாம் கவாத்து செய்து முடித்திருந்தார். "காஞ்ச குச்சியெல்லாம் எடுத்துட்டேம்மா, இனி பாரு, தளதளன்னு துளிர்க்கும்" என்றார். கூடையில் என் பூக்காம்புகள். பழசு ஒன்று மட்டும் இல்லை, அப்போதுதான் புள்ளி வைத்திருந்த புதுக் காம்புகளும். என்ன சொல்வது? "சரிங்கத்தை" என்றேன். உள்ளே போய்க் குக்கரை டொங்கென்று வைத்தேன்.

அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. அவர் வீட்டில் குண்டுமல்லித் தோட்டம், கார்த்திகையில் கவாத்து பண்ணினால்தான் மல்லி புதுக்கிளை விட்டுப் பூக்கும், ரோஜாவும் அப்படித்தான். புதுத் துளிரில் பூக்கிற செடிகள் அவை. ஹோயா பழைய காம்பிலேயே திரும்பத் திரும்பப் பூக்கும். பூ உதிர்ந்ததும் அந்தக் குச்சி கொஞ்ச காலம் தூங்கும், பிறகு அதே நுனியில் அடுத்த புள்ளிகள் வரும். ஒவ்வொரு தடவை பூத்த அடையாளமும் காம்பில் சின்ன வளையமாகத் தங்கி, காம்பு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நீளும். ஒரு காம்பை வெட்டினால் ஒரு தடவையின் பூ மட்டும் போகவில்லை, இனி அது பூத்திருக்கக்கூடிய எல்லாத் தடவையும் போகிறது, செடி வேறிடத்தில் புதுக் காம்பு கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். எனக்கு அடுத்த கோடையில் ஒரு பூகூட வரவில்லை. வெட்டலாம் என்றால், காம்பு மஞ்சளாகித் தானே சுருங்கிக் காய்ந்து, தொட்டதும் கையோடு வந்தால் மட்டும். இப்போது நான் காம்பு ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். மாமியார் அதைப் பார்த்து "திருஷ்டிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாமிக்குப் பறிக்கிறவர்களும் கவனியுங்கள். கொத்தோடு ஒடிக்கக் கூடாது, தனித்தனிப் பூவாகக் கிள்ளி எடுங்கள், காம்பு நிற்கட்டும். பூவில் தேன் சொட்டும், கீழே துணி உலர்த்தும் கொடி இருந்தால் வேறு இடம் பாருங்கள், பழுப்புக் கறை எளிதில் போகாது.

மொட்டு வந்தபின் இரண்டு விஷயம் காலை வாருகிறது. ஒன்று, ஆர்வக்கோளாறில் செடியை எல்லாரும் பார்க்கிற இடத்துக்கு மாற்றுவது. வெளிச்சமும் சூடும் திடீரென்று மாறினால் மொட்டு மஞ்சளாகிக் கொட்டிவிடும். அந்தச் சமயத்தில் தொட்டி முழுக்கக் காயவிட்டாலும் கொட்டும். இரண்டு, பூச்சி. பைபாஸ் நடுவில் அரளி, வெற்று மனை எல்லாம் எருக்கு என்று இருக்கிற ஊர் நம்முடையது. எருக்கங்கொழுந்தில் மஞ்சளாக அப்பிக்கொண்டிருக்குமே அசுவினி, அதே பூச்சி குடும்பப் பாசத்தோடு ஹோயா மொட்டுக்கும் வரும். கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும். மாவுப்பூச்சிதான் ஆள் கொல்லி. இலையும் கொடியும் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒளிந்திருக்கும், எறும்பு வரிசை கட்டிப் போனால் அங்கே மாவுப்பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது குடையும் பட்ஸை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்தேன். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும், வாரம் ஒரு தடவை. ஒரே தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் முட்டை பொரித்து மறுபடி வரும். விரிந்த பூவில் அடிக்காதீர்கள்.

உரத்துக்கு நான் ஆன்லைனில் வாங்கிய 'பூ பூஸ்டர்' குட்டி பாட்டிலுக்குக் கொடுத்த 350 ரூபாயை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நம் ஊர் உரக்கடையில் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் சொட்டுநீரில் விடுகிற 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற கரையும் உரம்) இருக்கிறது, லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வளர்கிற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மொட்டு எதிர்பார்க்கிற சமயத்தில் தழைச்சத்து இல்லாத 0:52:34 அதே அளவில் ஒன்றிரண்டு தடவை. மார்கழி, தையில் எதுவும் வேண்டாம். வாழைப்பழத் தோல் தண்ணீர், புளித்த மோர் எல்லாம் கொசு மாதிரி சின்ன ஈ மொய்ப்பதற்குத்தான் உதவியது.

முதலில் சொன்ன இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மிச்சப் பணம் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு கடையில் இதய வடிவத்தில் ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு 300 ரூபாய்க்கு விற்றார்கள், ஹோயா கெர்ரி. கொடித் துண்டோ கணுவோ இல்லாத வெறும் இலை அது. வேர் பிடிக்கும், வருஷக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், கொடியாகாது. என்னிடம் இன்னும் நிற்கிறது. இன்னொன்று, மே மாதத்தில் கூரியரில் வரவழைத்த 1,200 ரூபாய் வண்ண இலை ஹோயாவின் கொடித் துண்டு. பெட்டியைத் திறந்தபோது வெந்த கீரை. வெளியூரிலிருந்து வாங்குவதாக இருந்தால் ஆடி கழிந்து வாங்குங்கள், இல்லையென்றால் கார்த்திகைக்கு மேல் வாங்குங்கள். துண்டாக வாங்கினால் பூக்க இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். அவசரம் என்றால் நர்சரியில் கொடியைத் தூக்கிப் பார்த்து, பழைய பூக்காம்பு, அதில் வளையத் தழும்பு இருக்கிற செடியாகக் கேட்டு வாங்குங்கள், நூறு ரூபாய் கூடச் சொன்னாலும் கொடுக்கலாம். வண்டியில் ஏற்றும்போது கடைக்காரர் 'பார்க்க நல்லா இருக்கட்டும்' என்று அந்தக் குச்சிகளைக் கத்தரிக்க வருவார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.